சான்றிதழுக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: வால்பாறையில் ஆறு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வாசலிலேயே சிறிய கடையும் உண்டு. டீத்தூள், மிளகு, ஏலக்காய், தேன் விற்கிறோம். ஆண்டுக்கு 5,000 பாக்கெட் டீத்தூள் போகும். தொழில் என் பெயரில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் அளவில் வரும். எங்களிடம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கவால் குரங்கையும் இருவாச்சிப் பறவையையும் பார்க்க வருகிறவர்கள். அந்தக் காட்டுக்கு நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அண்மையில் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தால் ‘வனவிலங்குகளின் தோழர்’ என்ற சான்றிதழும், அவர்களுடைய லோகோவைப் பயன்படுத்தும் உரிமையும் தருவார்களாம். கொடுத்த பணம் முழுவதற்கும் வரிவிலக்கு உண்டாம். என் கணவரோ, ‘ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2 ரூபாய் வனவிலங்குகளுக்கு’ என்று அச்சிட்டால் விற்பனையும் கூடும், காட்டுக்கும் பணம் போகும் என்கிறார். வரவேற்பு மேசையில் ஓர் உண்டியல் வைக்கும் யோசனையும் இருக்கிறது. எதைச் செய்வது சரி?
– வால்பாறை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

உங்களிடம் பேசியவர்கள் உங்கள் விடுதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாகக்கூடக் கடிதத்தில் இல்லை. சமையலறைக் கழிவு எங்கே போகிறது, இரவில் எத்தனை விளக்குகள் எரிகின்றன, விருந்தினர்களை யாருடைய ஜீப்பில் எங்கே அனுப்புகிறீர்கள் என்று எதையும் விசாரிக்காமல் ‘தோழர்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வருகிற பணத்தைத் தவிர வேறெதையும் அந்தச் சான்றிதழ் சான்று சொல்லாது. கோவையில் ஆடிட்டராக இருந்து, அறக்கட்டளைகளின் கணக்குகளையும் உங்களைப் போன்ற சிறுதொழில் செய்வோரின் கணக்குகளையும் பார்த்து வருகிறேன். காட்டுக்காகப் பாடுபடும் நல்ல அமைப்புகள் ஒரு வியாபாரியிடம் முதலில் கேட்பது அவருடைய வியாபாரத்தைப் பற்றித்தான்.

அசாமிலும் வடக்கு வங்காளத்திலும் யானைக்குத் தீங்கு செய்யாத தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு சான்று வழங்கப்படுகிறது. வைல்ட்லைஃப் ஃப்ரெண்ட்லி எண்டர்பிரைஸ் நெட்வொர்க் என்ற அமைப்பும் அமெரிக்காவின் மொண்டானா பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது. தோட்டத்து வடிகால் பள்ளத்தில் யானைக்குட்டி விழுந்தால் ஏறி வர வழி இருக்கிறதா, மின்வேலி உயிரைப் பறிக்கும் வகையில் இருக்கிறதா, பூச்சிமருந்தும் உரமும் யானைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்படுகின்றனவா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தோட்டக்காரர் தன் நிலத்தில் மண்வெட்டியை எடுத்து வேலை செய்த பிறகுதான் அவருக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது.

இனி வரிக்கு வருகிறேன். ‘முழுவதற்கும் விலக்கு’ என்பது தவறான தகவல். எல்லோரும் 80ஜி என்று சொல்லிப் பழகிய சலுகை இது. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். நான் பழகிய பெயர்களிலேயே சொல்கிறேன். இத்தகைய தனியார் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்க முடியும். அதற்கும் உச்சவரம்பு உண்டு: உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடையே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 8 லட்சம் வருமானம் என்றால், நீங்கள் ஒரு லட்சம் கொடுத்தாலும் 80,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதில் பாதி 40,000. 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸும் சேர்த்தால் மிச்சமாவது 8,320 ரூபாய். மீதி 91,680 ரூபாயும் உங்கள் கையிலிருந்து போவதுதான்.

இதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டுமே. இப்போது தனிநபர்களுக்கு இயல்பாகவே பொருந்துவது புதிய முறை. அதில் இந்தச் சலுகை கிடையாது. தொழில் வருமானம் உள்ளவர்கள் சம்பளக்காரர்களைப் போல ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பழையதற்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. ஒரு நன்கொடைக்காக அந்த வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம். பழைய முறையிலேயே இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித்துறையில் தாக்கல் செய்து, உங்கள் பெயருக்கு 10பிஇ என்ற படிவத்தில் நன்கொடைச் சான்றும் தர வேண்டும். வெறும் ரசீதில் ‘80ஜி’ என்று அச்சிட்டிருந்தால் அது போதாது.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் உங்களிடம் பேசியிருப்பார்கள். அந்தச் சட்டம் 500 கோடி நிகர சொத்தோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகளுக்கானது. உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் கணவரின் யோசனையில் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 பாக்கெட்டுக்கு 2 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். புதிய உறை வடிவமைத்து அச்சிட என்ன ஆகும் என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். அதோடு, ‘வனவிலங்குகளுக்கு’ என்று பொதுவாக அச்சிடுவது ஆபத்து. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் சுற்றுச்சூழல் குறித்த தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆதாரமில்லாமல் ‘பசுமை’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று எழுதுவதை அது ஏற்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஹோம்ஸ்டேயைத் தேடி வந்து யாரும் அபராதம் போடப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்கள் விருந்தினர்களில் பறவை ஆர்வலர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இருக்கிறார்கள். ‘எந்த அமைப்புக்கு, போன ஆண்டு எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று அவர்கள் கேட்கும்போது பதில் இருக்க வேண்டும்.

அச்சிடத்தான் வேண்டும் என்றால் அமைப்பின் பெயர், தொகை, காலம் மூன்றையும் எழுதுங்கள். ‘லாபத்தில் ஒரு பங்கு’ என்று எழுதவே எழுதாதீர்கள். லாபம் என்பது நாங்கள் கணக்கு எழுதும் விதத்தைப் பொறுத்தது. மோசமான ஆண்டில் அது பூஜ்யமாகிவிடும். படகோனியா ஆடை நிறுவனத்தை நிறுவிய இவான் ஷுயினார்ட் 2002-ல் அமெரிக்காவில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ‘ஒன் பர்சென்ட் ஃபார் தி பிளானட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதில் சேரும் தொழில்கள் விற்பனையில் ஒரு சதவீதம் கொடுக்க வேண்டும். லாபத்தை விட்டு விற்பனையை அளவுகோலாக வைத்ததுதான் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. உங்களுக்கு அதைவிட எளிய வழி, ஓர் அறையில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வது. ஆறு அறைகளும் ஆண்டில் 150 இரவுகள் நிறைந்தால் 900 அறை-இரவுகள். அதற்கு 50 ரூபாய் வீதம் 45,000 ரூபாய். பில் புத்தகத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய தொகை இது.

இந்த 50 ரூபாய் உங்கள் வாடகைக்குள்ளிருந்து போனால் அது உங்கள் நன்கொடை. வாடகைக்கு மேல் தனியாக விருந்தினரிடம் வாங்கினால் அது அவருடைய நன்கொடை. நீங்கள் அதற்குச் சலுகை கோர முடியாது, வாங்கிய ஒவ்வொரு ரூபாயையும் சேர்ப்பித்ததற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். முதல் வழியே உங்களுக்கு நல்லது.

உண்டியல் வேண்டவே வேண்டாம். உங்களிடம் வெளிநாட்டுப் பயணிகளும் தங்குவார்கள். வெளிநாட்டவர் ஒருவர் தொண்டுக்கென்று போடும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதைப் பெறும் அமைப்பு உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்று, டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்று வைத்துள்ள கணக்கில்தான் பெற முடியும். நடுவில் நீங்கள் வசூலித்துக் கொடுப்பது சட்டப்படி சிக்கல். விருப்பமுள்ளவரிடம் அமைப்பின் இணைய முகவரியைக் கொடுத்துவிடுங்கள்; அவர் நேரடியாகச் செலுத்திக்கொள்ளட்டும்.

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், உங்களிடம் உள்ளவற்றில் காட்டுக்கு மிகக் குறைவாக உதவக்கூடியது பணம்தான் என்பது என் உறுதியான எண்ணம். வால்பாறையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

உங்கள் ஊர் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும், நடுவில் தேயிலை, தேயிலைக்கு இடையே துண்டு துண்டாகச் சோலைகள். யானை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக உங்கள் எஸ்டேட் பாதைகளைத்தான் கடக்க வேண்டும். இங்கே யானையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை அருகில் யானை நிற்பது தெரியாமலே நேர்ந்தவை என்று கண்டார்கள். இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி லயன் வீட்டுக்கு நடந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதனால் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பும் வனத்துறையும் தகவல் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் யானை நிற்கும் இடம் எழுத்தாக ஓடியது. பிறகு கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி போனது. உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தி, யானை வந்தால் கைபேசி மூலமே எரிய விட்டார்கள். இந்தப் பணிக்காக அந்த அமைப்பின் எம். ஆனந்தகுமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இந்த ஏற்பாட்டில் கேபிள் டிவியின் பங்கைக் கவனியுங்கள். திரையின் அடியில் ஒரு வரி ஓட இடம் கொடுத்தது அது. ஊர் மக்கள் மாலையில் பார்க்கிற இடம் கேபிள் டிவியிடம்தான் இருந்தது.

எஸ்டேட் கம்பெனிகளும் அப்படித்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சோலை மீட்புப் பணி நடப்பது அவர்களுடைய நிலத்தில் எஞ்சிய காட்டுத் துண்டுகளில். உண்ணிச்செடியை அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மரவகைகளின் கன்றுகளை நடுகிறார்கள். கம்பெனிகள் அந்தத் துண்டுகளை வெட்டாமல் விட்டு, உள்ளே வந்து வேலை செய்ய அனுமதித்ததே பெரிய பங்களிப்பு. எந்தக் காசோலையாலும் அதை வாங்கியிருக்க முடியாது.

உங்களிடம் என்ன இருக்கிறது? வால்பாறைக்குப் புதிதாக வந்து, எதுவும் தெரியாமல் இரவில் வெளியே நடக்கக்கூடிய மனிதர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் பேசுகிறவர் நீங்கள். வனத்துறை அதிகாரியோ ஆராய்ச்சியாளரோ அடைய முடியாத இடம் உங்கள் சாப்பாட்டு மேசை. யானைத் தகவல் உங்கள் கைபேசிக்கு வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவு உணவின்போது ‘இன்று இந்தப் பக்கம் யானை நிற்கிறது, வெளியே நடக்க வேண்டாம்’ என்று சொல்வதை வழக்கமாக்குங்கள். வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும் என்பதால் முன்பதிவு செய்கிறவர்களுக்கு எப்படியும் ஒரு செய்தி அனுப்புவீர்கள். அதிலேயே எழுதுங்கள்: ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு நின்றால் இறங்கித் தீனி போடக் கூடாது, புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே ஒரு கார் நின்று பிஸ்கட் வீசினால் குரங்கு பாலத்தை விட்டுத் தரைக்கு இறங்கிவிடுகிறது. பாலத்துக்குக் கொடுத்த நன்கொடை அந்த நிமிடமே வீண்.

சமையலறைக் கழிவைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், வருத்தப்படாதீர்கள். குரங்குகள் வீட்டுக் கூரைகளில் ஏறுவதும் சமையலறைக்குள் நுழைவதும் உங்கள் ஊரில் தினசரிக் கதை. திறந்த தொட்டிதான் அவற்றுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது. கோழிக்கழிவைப் பின்னால் கொட்டினால் தெருநாய் வரும், காட்டுப்பன்றி வரும்; அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். அதே பாதையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பூட்டும் மூடியுள்ள தொட்டி, ஆழமாகப் புதைக்கும் குழி, மாலைக்குப் பின் எதையும் வெளியே வைக்காத ஒழுங்கு இவற்றுக்கு முதல் செலவைச் செய்யுங்கள். அரிசியையும் பருப்பையும் ஓட்டுக்கூரைக் கொட்டகையில் வைக்காதீர்கள். யானை ரேஷன் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் உடைப்பது அந்த வாசனைக்காகத்தான். ‘இரவில் விலங்கு காட்டுகிறேன்’ என்று அழைக்கும் ஜீப்காரர்களிடம் உங்கள் விருந்தினர்களை ஒப்படைக்காதீர்கள். இந்தச் செலவுகள் எல்லாம் தொழிலுக்கான செலவுகள் என்பதால் கணக்கில் முழுமையாகக் கழியும். 80ஜி-யைவிட இது நல்ல வரிச்சலுகை என்று ஆடிட்டராகவே சொல்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு அமைப்பைத் தேடுங்கள். தொலைபேசியில் பேசியவர்களையும் அப்போது பரிசீலிக்கலாம். அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குத் தரும் 12ஏ பதிவும், நன்கொடையாளருக்குச் சலுகை தரும் 80ஜி பதிவும் இன்றும் செல்லுபடியாகின்றனவா என்று வருமான வரித்துறை இணையதளத்தில் பாருங்கள். தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பன் தளத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் களப்பணியாளர் சம்பளத்துக்கு எவ்வளவு, விழாவுக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு என்று பாருங்கள். சம்பளம் அதிகமாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். காட்டுப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் மனிதர்களின் உழைப்பு. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே பகுதியில் 2011 வாக்கில் தொடங்கிய இருவாச்சிக் கூடு தத்தெடுப்புத் திட்டத்தில், வெளியூரார் கொடுக்கும் பணம் நிஷி இனக் கிராமத்தவர்களுக்குக் கூட்டைக் காவல் காக்கும் ஊதியமாகப் போகிறது. நன்கொடை இப்படித்தான் போய்ச் சேர வேண்டும். காப்பகத்துக்குள் வேலை செய்வதாகச் சொன்னால் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காயம்பட்ட விலங்குகளை ‘எங்களிடம் வைத்துப் பராமரிக்கிறோம்’ என்றால் இன்னும் கவனம் தேவை. முறையான அனுமதியில்லாமல் வனவிலங்கை வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எதுவும் பிடிக்கவில்லை என்றால், 2006-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளை உண்டு. ஆனைமலைக்கும் இருக்கிறது. வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு. அவர்கள் உங்களுக்கு எப்போது அறிக்கை தருவார்கள். ஒருவர் பெயரை மற்றவர் எங்கெல்லாம் பயன்படுத்தலாம். ஓராண்டு முடிந்ததும் இருவரும் யோசித்துத்தான் தொடர வேண்டும். இன்னொரு வரியும் சேருங்கள்: கூடு இருக்கும் மரம், விலங்கு தங்கும் இடம் போன்றவற்றின் படத்தை இடத்தோடு விளம்பரத்துக்கு வெளியிடக் கூடாது. இருவாச்சிக் கூட்டைக் காட்டும் ஒரு படம் அடுத்த வாரமே கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும். லோகோவைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. நன்கொடைக்கு நன்றியாக உங்கள் பெயரை மட்டும் அவர்கள் பலகையில் எழுதினால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் ஹோம்ஸ்டேக்கு விளம்பரம் செய்வதாக ஆகிவிட்டால் அது நன்கொடை என்ற நிலையை இழந்து ஸ்பான்சர்ஷிப் ஆகிவிடும், வரிக்கணக்கும் மாறும். இரண்டையும் ஒரே ரசீதில் கலக்காதீர்கள்.

கடைசியாக என் விருப்பம் ஒன்று. 45,000 ரூபாயால் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் சாலையிலேயே இன்னும் சில விடுதிகள், ஒரு பேக்கரி, மளிகைக்கடைகள், ஜீப் ஓட்டுநர்கள் இருப்பார்கள். எல்லோரும் சேர்ந்தால் குரங்குகள் கடக்கும் இடத்தில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் வரும். அந்தப் பணத்தை உங்களில் யாரும் வசூலித்து வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு அனுப்பட்டும், ஒப்பந்தத்தில் மட்டும் எல்லோரும் கையெழுத்திடலாம். அந்தக் காவலர் உங்கள் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அண்டை வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். அமைப்பின் தணிக்கை அறிக்கைகள் கைக்கு வந்ததும் ஒப்பந்த வரைவோடு எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். இந்த நிதியாண்டுக் கணக்கில் வர வேண்டும் என்றால் பணம் மார்ச் 31-க்குள் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் அவசரப்படாமல் ஏப்ரலில் தொடங்குங்கள். தொட்டிக்கு மூடி போடுவதற்கு மட்டும் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம்.